வேட்டித் திரை

(திரைப்படச் சங்கக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சற்றே செப்பனிடப்பட்டது.)



இந்த அரங்கில் ஐம்பதைத் தாண்டியவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறீர்கள். உங்களிடம்தான் முதல் கேள்வி. ஃபியூஸ் போன குண்டு பல்பின் அடியைத் தட்டி உடைத்து, உள்ளே இருக்கும் கம்பியை உதறிக் கொட்டிவிட்டு, அதில் தண்ணீர் நிரப்பியவர்கள் யார் யார்? கை தூக்குங்கள். நான்கு, ஐந்து… பின்வரிசையில் ஒரு அம்மாவும் தூக்குகிறார். நல்லது. இன்றைக்கு நான் பேசப்போவதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோடை விடுமுறை. ஜன்னலைச் சாக்குப் போட்டு அடைத்த அறை. வாசலில் ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து வெயிலை உள்ளே திருப்புவான். கதவிடுக்கில் ஓர் அட்டை, அட்டையில் ஒரு சதுர ஓட்டை, ஓட்டையில் ஒரு பிலிம் துண்டு. அதற்கு முன்னால் தண்ணீர் பல்ப். எதிர்ச் சுவரில் அப்பாவின் வேட்டி. வேட்டியில் எம்.ஜி.ஆர். தலைகீழாக வருவார். துண்டைத் தலைகீழாகச் செருகினால் நேராக நிற்பார். ஆனால் நிற்க மட்டும்தான் செய்வார். கையிலே கத்தி, ஒரு கால் முன்னே, அவ்வளவுதான்.

அவரை எப்படியாவது அசைத்துவிட வேண்டும் என்று நாங்கள் துண்டை வேகமாக இழுத்தோம். எம்.ஜி.ஆர். கலங்கிப்போய் ஒரு நிறக் கோடாக ஓடினாரே தவிர கத்தி வீசவில்லை. பல நாள் பாடுபட்ட பிறகு ஒன்று புரிந்தது. இழுத்துக்கொண்டே இருந்தால் படம் கிடையாது. ஒரு கட்டம் இழுத்து நிறுத்த வேண்டும், அப்புறம் அடுத்த கட்டம். இழுக்கிற நேரத்தில் வெளிச்சத்தை மறைக்கவும் வேண்டும். மறைப்பதற்கு என் தம்பியின் உள்ளங்கையை வைத்துக்கொண்டோம். அவன் கை சோர்ந்துபோகும்வரை எம்.ஜி.ஆர். ஏதோ வலிப்பு வந்தவர் மாதிரி கொஞ்சம் அசைந்தார். பரம திருப்தி.

அந்த உள்ளங்கைக்குப் பெயர் ஷட்டர் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். தியேட்டரின் பிலிம் புரொஜெக்டரில் விநாடிக்கு 24 கட்டங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு கட்டமும் விளக்குக்கு முன்னால் வந்து நிற்கிறது. அடுத்த கட்டம் இறங்கும்போது ஒரு தகடு சுழன்று வந்து ஒளியை மறைக்கிறது. கண்ணுக்குச் சிமிட்டல் தெரியக் கூடாது என்பதற்காக, கட்டம் நிற்கும்போதே இன்னொரு முறையும் மறைக்கிறது. ஆக விநாடிக்கு 48 இருட்டு. இரண்டரை மணி நேரப் படம் பார்த்து அழுது மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்தோமே, அதில் ஏறத்தாழ பாதி நேரம் திரையில் ஒன்றுமே இருந்ததில்லை. டிக்கெட் காசில் பாதி இருட்டுக்குக் கொடுத்தது.

இந்த இருட்டையே எடுத்து ஒருவர் படம் பண்ணினார். பீட்டர் குபெல்கா. வியன்னாக்காரர். 1960ஆம் ஆண்டு வெளிவந்த அந்தப் படத்தின் பெயர் ‘அர்னுல்ஃப் ரைனர்’. அது அவருடைய ஓவிய நண்பரின் பெயர். படத்தில் ஓவியரும் இல்லை, ஓவியமும் இல்லை. நான்கே பொருட்கள்: ஒளி ஊடுருவும் வெறும் பிலிம், முழுக் கறுப்புப் பிலிம், எல்லா அலைவரிசைகளும் கலந்த ஓர் இரைச்சல், மௌனம். நிலக்கடலை வறுக்கிற சட்டி மாதிரி ஓர் இரைச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நான்கையும் கட்டம் கட்டமாக எண்ணி அடுக்கியிருக்கிறார். 576 கட்டங்கள் கொண்ட பகுதிகள் 16. மொத்தம் 9,216 கட்டங்கள், ஓடும் நேரம் 6 நிமிடம் 24 விநாடி. 576 என்பது இருபத்துநான்கை இருபத்துநான்கால் பெருக்கினால் வருவது என்பதைக் கணக்கு தெரிந்தவர்கள் இந்நேரம் பிடித்திருப்பீர்கள்.

தாளம் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மிருதங்கக்காரர் மொழி இல்லாமல், ராகம் இல்லாமல் கணக்கை மட்டும் வைத்துத் தனி ஆவர்த்தனம் வாசிக்கிறாரே, நாம் தொடையில் தட்டிக்கொண்டு கேட்கிறோமே, இதுவும் அதுதான், ஒளியில். முதன்முதலில் ஒரு மட்டமான வீடியோ நகலில் இதைப் பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது, மறைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஒரு விழாவில் பிலிமிலேயே ஓட்டினார்கள். இரண்டாவது நிமிடத்தில் வெள்ளைத் திரையில் ஊதாவும் மஞ்சளும் தெரிய ஆரம்பித்தன. பிலிமில் நிறம் கிடையாது, கறுப்பும் வெறுமையும்தான் இருக்கின்றன. அந்த நிறங்களை என் கண்ணே உண்டாக்கிக்கொண்டது. கண்ணை மூடிப் பார்த்தேன், இமைக்குள்ளும் அடித்தது. பக்கத்தில் இருந்தவர் எழுந்து போய்விட்டார். அவரையும் குறை சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் டோனி கான்ராட் 1966இல் இதே வகையில் அரை மணி நேரத்துக்கு ‘தி ஃபிளிக்கர்’ எடுத்தார். வலிப்பு நோய் உள்ளவர்களுக்குப் படத்தின் தொடக்கத்திலேயே எச்சரிக்கை போட்டார். சினிமா உடம்பின்மேல் விழுகிற ஒரு சங்கதி என்பதற்கு அதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

குபெல்காவைப் பற்றி இன்னும் இரண்டு செய்தி. 1958இல் ஷ்வெஹாட்டர் என்ற பீர் கம்பெனி தனக்கொரு விளம்பரப் படம் எடுக்கச் சொன்னது. அவர் எடுத்துக் கொடுத்தது ஒரே நிமிடம், 1,440 கட்டங்கள். ஆட்கள் பீர் குடிப்பது கண்ணில் பட்டும் படாமலும் சிவப்பாக மின்னி மறைகிறது. கம்பெனிக்காரர்கள் பூரித்துப்போயிருக்க மாட்டார்கள் என்று நீங்களே யூகிக்கலாம். ஆனால் இன்றும் உலகத்தில் அந்த பீரின் பெயரைச் சினிமாக்காரர்கள் சொல்லிக்கொண்டிருப்பது அந்த ஒரு நிமிடத்தால்தான். இரண்டாவது செய்தி, 1970இல் நியூயார்க்கில் அவர் யோசனைப்படி ஒரு தியேட்டர் கட்டினார்கள். எல்லாமே கறுப்பு. பக்கத்து ஆள் தெரியாதபடி ஒவ்வொரு இருக்கைக்கும் தடுப்பு. முறுக்கு, கைக்குழந்தை, விசில், ‘தள்ளி உட்காருப்பா’ எல்லாம் சேர்ந்ததுதான் சினிமா என்று டென்ட் கொட்டகை மணலில் படித்து வந்த எனக்கு இந்த ஏற்பாடு கொஞ்சமும் ஒத்துவராது. மேதை ஆனாலும் மனுஷன் மணலில் உட்கார்ந்து படம் பார்த்ததில்லை போலிருக்கிறது.

வாலிப வயதில் கோடம்பாக்கத்து எடிட்டிங் அறை ஒன்றில் மூன்று வருடம் உதவியாளனாக இருந்தேன். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, ஒட்டுப் போட்டு, நம்பர் பார்த்து, துணிப்பெட்டியில் பிலிமைத் தொங்கவிடுகிற வேலை. ஒரு ஷாட் இன்னும் எடுக்கப்படவில்லை என்றால் அந்த இடத்தில் அதே நீளத்துக்கு லீடர் என்கிற வெறும் பிலிமை ஒட்டிவைப்போம். மூவியோலா என்கிற எடிட்டிங் இயந்திரத்தில் கதாநாயகி திரும்புவாள், திரும்பிய இடத்தில் ஒன்றுமில்லாத லீடர் ஓடும். பழைய லீடர், நூறு முறை ஓடியது. தூசி, மயிர், நகக்கீறல், மெழுகுப் பென்சில் குறி, எல்லாம் மழைப்பூச்சி மாதிரி ஆடும். கதாநாயகியைவிட அந்த ஆட்டம் எனக்குப் பிடித்திருந்தது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தவன் முதுகில் எடிட்டர் ஒன்று வைத்தார். ‘தம்பி, அது படம் இல்லடா, வேஸ்ட்டு.’

அந்த வேஸ்ட்டைத்தான் கொரியாவில் பிறந்த நாம் ஜூன் பைக் என்ற கலைஞர் 1964இல் படமாகவே அறிவித்துவிட்டிருந்தார் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. ‘ஜென் ஃபார் ஃபிலிம்’ என்று பெயர். எதுவும் பதிவாகாத பிலிம் புரொஜெக்டரில் ஓடும். ஓட ஓடத் தூசி சேரும், கீறல் விழும். ஒவ்வொரு காட்சியிலும் படம் வளர்ந்துகொண்டே போகும். அமெரிக்கரான ஜார்ஜ் லேண்டோ அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் பிலிமின் ஓரத்து எழுத்துகள், பல்சக்கரத் துளைகள், தூசி இவற்றையே காட்டி, அவற்றையே தலைப்பாகவும் வரிசையாக வைத்து ஒரு படம் எடுத்தார். விமர்சகர்கள் இவற்றுக்கு ‘ஸ்ட்ரக்சுரல் ஃபிலிம்’ என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைக்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும். பட்டறையில் குறை என்று துடைத்து எறிகிற ஒவ்வொன்றையும் இவர்கள் பொறுக்கி எடுத்து, இதுவும் சினிமாதானே, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். எனக்கு அதுதான் முக்கியம்.

அந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் என் மனசுக்கு மிக நெருக்கமானவர் ஸ்டான் பிராக்கேஜ். மலைப்பாங்கான கொலராடோவில் பிள்ளைகுட்டிகளோடு வாழ்ந்தவர். பிலிம் வாங்கக் காசில்லாமல் இருந்த காலம். விளக்கைச் சுற்றி வந்து பொசுங்கி விழும் விட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றின் இறகுகளைப் பொறுக்கினார். கூடவே புல், இதழ், இலைத் துணுக்கு. பிலிம் துண்டுகளை ஒட்டுவதற்கென்று துளைகளோடு வரும் 16 மி.மீ. ஒட்டுநாடா இருக்கிறதே, எங்கள் மேசையிலும் எப்போதும் கிடக்கும், அந்த நாடா இரண்டுக்கு நடுவே இவற்றை வைத்து அழுத்தினார். கேமரா இல்லை, லென்ஸ் இல்லை, நெகட்டிவ் இல்லை. அந்த நாடாவை லேபில் கொடுத்துப் பிரதி எடுத்தார். 1963, ‘மாத்லைட்’. நான்கு நிமிடத்துக்கும் குறைவு, ஒலி கிடையாது.

இதில் நான் வெகுநேரம் யோசித்த ஒரு சங்கதி உண்டு. ஒரு பெரிய இறகை நாடாவில் நீளவாட்டில் வைத்தால் அது பல கட்டங்களின்மேல் படரும். இறகுக்குக் கட்டம் தெரியாது. புரொஜெக்டருக்குக் கட்டம் மட்டும்தான் தெரியும். ஆகவே முழு இறகு திரையில் ஒருபோதும் வருவதில்லை. ஒரு கட்டத்தில் நுனி, அடுத்ததில் நரம்பு, அதற்கடுத்ததில் அடிப்பாகம். வேறுவேறான அந்தத் துண்டுகளை இயந்திரம் அசைவாக மாற்றுகிறது. செத்த விட்டில் படபடக்கிறது. படபடப்பது விட்டிலா, புரொஜெக்டரா? என் தம்பி உள்ளங்கையால் ஆட்டிய எம்.ஜி.ஆர். ஞாபகம் வருகிறது. விளக்கில் விழுந்து செத்த பூச்சி, மறுபடி விளக்குக்கு முன்னாலேயே வந்து பறக்கிறது என்பதையும் நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

பிராக்கேஜ் பின்னாளில் வருடக்கணக்காகப் பிலிமின்மேல் சாயம் பூசிப் படம் செய்தார். தனக்கு வந்த புற்றுநோய்க்கு அந்தச் சாயங்களே காரணம் என்று நினைத்தார். 2003இல் இறந்தார். படுக்கையில் கிடந்தபடி கடைசியாகச் செய்த படத்துக்குக் கத்திகூட வேண்டியிருக்கவில்லை. கறுப்புப் பிலிமை எச்சிலால் ஊறவைத்து, நகத்தால் கீறினார். கலர் பிரிண்டில் சாயம் மூன்று அடுக்காக இருக்கும். கறுப்பான இடத்தில் லேசாகக் கீறினால் பச்சை, கொஞ்சம் ஆழமாகப் போனால் மஞ்சள், அடிவரை போனால் வெள்ளை. எடிட்டிங் அறையில் வேலை பார்த்தவன் பிளேடு தவறி விழுந்த இடங்களில் இதைப் பார்த்திருக்கிறேன், திட்டும் வாங்கியிருக்கிறேன்.

பிலிமின்மேல் நேராக வரைவது பிராக்கேஜுக்கும் மூத்த கலை. நியூசிலாந்துக்காரரான லென் லை 1935இல் பிரிட்டிஷ் தபால் துறைக்காக ‘எ கலர் பாக்ஸ்’ செய்தார். வண்ணக் கோடுகளும் புள்ளிகளும் கியூபா நாட்டு இசைக்கு ஆடும். கடைசியில் பார்சல் கட்டணம் வரும். அரசாங்கப் பணத்தில்! அதே தபால் துறைப் படப்பிரிவில் இருந்து கனடாவுக்குப் போன நார்மன் மெக்லாரன் இன்னும் ஒரு படி போனார். பிலிமின் ஓரத்தில் ஒலிக்கென்று ஒரு மெல்லிய பட்டை ஓடும். அங்கே கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி இருக்கும் விதத்தைத்தான் புரொஜெக்டர் ஒலியாக மாற்றுகிறது. அப்படியென்றால் அந்தப் பட்டையில் நாமே வரைந்தால்? கோடுகள் நெருங்கியிருந்தால் மேல் ஸ்வரம், விலகியிருந்தால் கீழ் ஸ்வரம். பாடகரும் இல்லாமல் வாத்தியமும் இல்லாமல் மனுஷன் பாட்டுப் போட்டார். 1971இல் ‘சிங்க்ரோமி’ என்ற படத்தில் அந்த ஒலிக்கோடுகளையே எடுத்துத் திரையில் வண்ணத்தோடு வைத்தார். காதால் கேட்பது எதுவோ அதையே கண்ணால் பார்க்கிறோம்.

கேமராவோடு வேலை செய்தவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கட்சிக்கும் வருகிறேன். மைக்கேல் ஸ்னோவின் ‘வேவ்லெங்த்’, 1967, ஓர் அறையின் குறுக்கே 45 நிமிடம் மெல்ல மெல்ல நெருங்கிச் செல்லும் ஒரே ஜூம். நடுவில் ஒருவன் விழுந்து சாகிறான், கேமரா அவனைச் சட்டை செய்யாமல் தாண்டிப் போகிறது. பெரிய படம்தான், ஒத்துக்கொள்கிறேன். எனக்கு இன்னும் முழுக்கப் பார்க்கப் பொறுமை வரவில்லை. ஜப்பானில் தகாஷி இடோ 1981இல் எடுத்த பத்து நிமிடப் படம் ‘ஸ்பேசி’ அப்படியில்லை. ஒரு விளையாட்டுக்கூடம், அதில் நிறுத்திவைத்த பலகைகளில் அதே கூடத்தின் புகைப்படங்கள். கேமரா ஒரு புகைப்படத்துக்குள் புகுந்தால் மறுபடி அதே கூடத்துக்குள் வந்து நிற்கும். சுமார் 700 நிழற்படங்களை ஒவ்வொன்றாக மறுபடம் பிடித்துச் செய்தது. பார்க்கும்போது தலை சுற்றும், நல்ல விதமாக.

ஆனால் கையும் பிலிமும் சந்திக்கிற இடம் என்றால் எனக்கு பீட்டர் செர்காஸ்கிதான். 1999, ‘அவுட்டர் ஸ்பேஸ்’, பத்து நிமிடம். ஹாலிவுட்டில் 1982இல் வெளியான ‘தி என்டிட்டி’ என்ற பேய்ப்படத்தின் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டார். இருட்டறையில் மேசைமேல் பதிவாகாத பிலிமை மீட்டர் மீட்டராக விரித்து, அதன்மேல் அந்தப் படத்தின் துண்டை வைத்து, லேசர் பேனாவால் கட்டம் கட்டமாகத் தடவி ஒளியேற்றினார். அப்புறம் இன்னொரு துண்டு வைத்து அதே இடத்தில் மறுபடியும். பாட்டி அரிசிமாவில் கோலம் இழுப்பது போலத்தான், ஆனால் இருட்டில், தான் வரைவது என்னவென்று பார்க்க முடியாமல். மூலப்படத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பேய் ஒரு பெண்ணைத் தாக்கும். இவர் படத்தில் தாக்குவது பிலிமே. துளைகள் திரைக்குள் பாய்ந்து வருகின்றன, ஒலிப்பட்டை அவள் முகத்தைக் கிழிக்கிறது, வீடு உடைந்து கட்டங்கள் கட்டங்களாகச் சிதறுகிறது. கண்ணாடிகளை உடைத்து அவள் திருப்பி அடிக்கிறாள். பேய்ப்படங்களில் என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது இது ஒன்றுதான். இந்தப் பேய் நான் வருடக்கணக்காகக் கையுறை போட்டுத் தொட்டுக்கொண்டிருந்த பேய்.

நம் நாட்டில் இதெல்லாம் நடந்ததா என்று கேட்பீர்கள். நடந்தது, நாம் கேலி பேசிய இடத்தில். படம் தொடங்கும் முன்னால் நியூஸ் ரீல் ஓடும், நாம் வெளியே நின்று பீடி குடித்துவிட்டு மெதுவாக உள்ளே போவோமே, அந்த ஃபிலிம்ஸ் டிவிஷனில். செக்கோஸ்லோவாகியாவில் பொம்மைப்பட மேதை ட்ரின்காவிடம் பயிற்சி பெற்றுத் திரும்பிய பிரமோத் பதி அங்கே 1968இல் ‘எக்ஸ்ப்ளோரர்’ எடுத்தார். ஏழு நிமிடத்தில் முகங்களும் குறியீடுகளும் ஜூம்களும் மின்னணு ஒலியும் மோதி நொறுங்குகிற படம். அதே ஆண்டு, எஸ்.என்.எஸ். சாஸ்திரி ‘அண்ட் ஐ மேக் ஷார்ட் ஃபிலிம்ஸ்’ என்று, தான் செய்கிற தொழிலையே கிண்டலும் கவலையுமாகப் பிரித்துப் போட்டார். குறும்படம் எடுக்கிற பிள்ளைகள் எல்லாரும் பார்க்க வேண்டிய படம் அது. ஓவியர் தயேப் மேத்தா 1970இல் பம்பாய் பாந்த்ராவின் அடிமாட்டுக் கூடத்தில் எடுத்த படத்துக்கு வைத்த பெயர் ‘கூடல்’. மதுரைக்காரர்கள் நிமிர்ந்து உட்காருகிறீர்கள், தெரிகிறது. நம்ம சொல்லேதான்.

ஓவியர் அக்பர் பதம்சியின் கதைதான் மனதை அறுக்கிறது. தனக்குக் கிடைத்த நேரு ஃபெல்லோஷிப் பணத்தில் 1969இல் பம்பாயில் ஒரு பட்டறை தொடங்கினார். ஓவியர்களும் கேமராக்காரர்களும் கூடி வேலை செய்கிற இடம். அங்கே ‘சிசிஜி’ என்று கோடுகளை மட்டும் வைத்து ஒலியில்லாத ஒரு படம் செய்தார். இன்னொன்று, ‘ஈவன்ட்ஸ் இன் எ கிளவுட் சேம்பர்’. அதற்கு ஒரே ஒரு பிரதி. அது தொலைந்துபோயிற்று. பொருளே படம் என்றால், பொருள் போனால் படம் போச்சு. 2016இல் அஷிம் அலுவாலியா, எண்பதுகளில் இருந்த பதம்சியோடு உட்கார்ந்து, அந்தத் தொலைந்த படத்தைப் பற்றி ஒரு படம் எடுத்தார். தமிழின் முதல் பேசும்படம் ‘காளிதாஸ்’, 1931, அதற்கும் இதே கதிதான். நம் வெக்கையிலும் ஈரத்திலும் பிலிம் பெட்டியைத் திறந்தால் முதலில் வருவது காடி வாசனை. அந்த வாசனை வந்துவிட்டால் படம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அமெரிக்கரான பில் மாரிசன் 2004இல் ‘லைட் இஸ் காலிங்’ என்று எட்டு நிமிடப் படம் ஒன்று செய்தார். அழுகிய பழைய மௌனப்படப் பிரதியில், குமிழ்களுக்கும் கறைகளுக்கும் ஊடே ஒரு பெண்ணின் முகம் மிதந்து வந்து மூழ்குகிறது. அழகான படம். பார்க்கும்போது எனக்குப் பொறாமையாக இருந்தது. அவருக்கு அழுகியதாவது கிடைத்தது.

முன்வரிசைப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை. போன மாதம் நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். ஐந்தில் மூன்றில் கீறலும் தூசியும் ஓடின, ஓரத்தில் துளைகள்கூட இருந்தன. செல்போனில் எடுத்து, ஆப்பில் ஒரு பொத்தானைத் தட்டி ஒட்டிய கீறல். உங்கள் படத்தில் தூசி எங்கிருந்து வரும்? எந்தப் பல்சக்கரம் அதைக் கீறியது? கோபமில்லை, ஆசையால் செய்திருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கையில் இருக்கிற பொருளைப் பாருங்கள். ஓடுகிற மின்விசிறியை செல்போனில் எடுங்கள். இறக்கைகள் வாழைப்பழம் மாதிரி வளையும், சிலசமயம் துண்டாகி மிதக்கும். சென்சார் படத்தை ஒரே சமயத்தில் எடுப்பதில்லை, வரிவரியாகப் படிக்கிறது. கீழ் வரிக்கு வருவதற்குள் இறக்கை நகர்ந்துவிடுகிறது. என் தம்பியின் உள்ளங்கை உங்கள் போனில் அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று. வீடியோ ஃபைல் எல்லாக் கட்டங்களையும் முழுதாக வைத்துக்கொள்வதில்லை. எப்போதாவது ஒரு முழுப்படம், அப்புறம் எது எங்கே நகர்ந்தது என்ற குறிப்பு மட்டும். அந்த முழுப்படத்தை நீக்கிவிட்டால் குறிப்புகள் அநாதையாகி, முந்தைய ஷாட்டின் முகத்தைப் பிடித்து இழுக்கும். ஒருவர் முகம் இன்னொருவர் அசைவில் கூழாக உருகும். தகேஷி முராடா 2005இல் ‘மான்ஸ்டர் மூவி’ என்ற படத்தில் ஒரு ராட்சசனை இப்படித்தான் உருக்கினார். நெட் சிக்னல் கிடைக்காமல் கிரிக்கெட் மேட்ச் உடைந்துபோகும்போது நீங்கள் தினமும் பார்த்துத் திட்டுவது இதுவேதான்.

பேச்சு நீண்டுவிட்டது. 1968 அக்டோபரில் நியூயார்க்கில் ஹாலிஸ் ஃப்ராம்ப்டன் சினிமா பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். ஆற்றினார் என்பதுகூடத் தப்பு. அவர் பின்னால் புரொஜெக்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பேச்சு டேப்பில் ஓடியது, குரலும் நண்பர் மைக்கேல் ஸ்னோவுடையது. புரொஜெக்டரில் பிலிம் இல்லை, திரையில் வெறும் வெள்ளைச் சதுரம். ஒரு கட்டத்தில் லென்ஸுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடியைப் பிடித்தார், இன்னொரு கட்டத்தில் கையால் மறைத்தார். அவ்வளவுதான் படம். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லாததால் முக்கால் மணி நேரம் நானே பேசிவிட்டேன்.

இப்போது ‘மாத்லைட்’ பார்க்கலாம். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிலிம் பிரதி கிடைக்கவில்லை, ஓடப்போவது டிஜிட்டல் நகல். இந்தப் புரொஜெக்டரில் சுழலும் தகடு கிடையாது, கட்டத்துக்குக் கட்டம் நடுவே அந்த இருட்டும் கிடையாது. ஒலி இல்லாத படம் என்பதால் நீங்கள் கேட்கப்போவது ஏசி சத்தத்தைத்தான். தம்பி, அந்தப் பக்கத்து விளக்கையும் அணைத்துவிடுப்பா.